அனுப்புநர் என்ற இடத்தில்

"கேக்கல" என்று அக்கா சொல்லி நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு எதெல்லாம் கேட்கும் என்று சொல்லிவிட வேண்டும்.

பம்மலில் எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். எல்லாருக்கும் ஒரே குழாய். கடைசி அறையில் அக்கா தனியாக இருந்தாள், சொந்த அக்கா இல்லை. அதற்கு முந்தினது எங்களுடையது. நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை. அக்காவுக்கும் அதே கம்பெனிதான். நனைந்த தோலைப் பலகைமேல் இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஆணி அடித்துக் காயவைக்க வேண்டும். நாளெல்லாம் சுத்தியல் சத்தம். அப்படிப்பட்ட வேலை செய்கிறவர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்பார்கள். அக்காவுக்கு ஆகவில்லை.

சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வாள்.

"அண்ணி, சோத்தப் போட்டு வெச்சுட்டு உள்ளாற போயிடு. இன்னிக்கு அண்ணங்கிட்ட வாயக் குடுக்காத."

சில நாள், "இன்னிக்குப் பரவால்ல, பேசு" என்பாள். பெடலை மிதிக்கிற சத்தம்தான் கணக்கு. அம்மா அவள் சொன்னபடி நடந்துகொள்வாள். ஒருநாளும் தப்பியதில்லை.

எங்கள் கூரைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். விமானம் வந்தால் பம்மலில் எல்லாரும் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சண்டையில்கூட அப்படித்தான். அக்கா மட்டும் நிறுத்த மாட்டாள். விமானத்துக்குக் கீழே நாம் பேசுவது அவளுக்குக் கேட்கும். விமானத்துக்குக் கீழே பாடுகிற ரேடியோவும் கேட்கும்.

ரேடியோ என்றால் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். நிலைப்படிக்கு மேல் ஆணியில் தொங்கும். பேட்டரி மூடி உடைந்துவிட்டதால் ரப்பர் பேண்டு போட்டிருப்பாள். செல் இறங்கிவிட்டால் எடுத்துக் கூரைத் தகட்டில் வெயிலில் வைப்பாள். பாட்டு ஓடும்போது அக்கா கூடப் பாட மாட்டாள், முணுமுணுக்கவும் மாட்டாள். யாராவது பாடினால், "அவருதான் பாடுறாரே, நீயும் பாடினா யாரு கேக்கிறது?" என்பாள்.

நான் அவளுக்கு வேண்டியவளானது எழுத்தால். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் தெரியும். தாம்பரத்தில் பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு மை பேனா இருந்தது. எழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து எழுதுவேன். "இன்னா" என்று சொல்வதை அப்போதே விட்டுவிட்டேன். லைன் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அஞ்சலட்டையோடு வருவாள். ரேடியோவில் நேயர் விருப்பம் கேட்டவர்களுக்குத் தெரியும். பாட்டுக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சொல்லி, விரும்பிக் கேட்கிறவர்களின் பெயர்களை ஒரு ரயில்பெட்டி வரிசைபோல அறிவிப்பாளர் வாசிப்பார். அந்த வரிசைக்காகத்தான் அக்கா கார்டு போடுவாள்.

"எழுதிக்கோ. மொதல்ல உன் பேரு. அப்பால எத்திராஜு, பச்சையம்மா, எதிர் வூட்டு மல்லிகா, மேஸ்திரி துலுக்காணம்."

"மேஸ்திரியா? அவர்தானே போன வாரம் உங்களுக்கு லீவு குடுக்கல?"

"போடு. ரேடியோல பேரு வந்தா மனுசன் ரெண்டு நாளைக்கு ஒழுங்கா இருப்பான்."

வந்தது. மேஸ்திரி இரண்டு நாளும் ஒழுங்காக இருந்தாராம்.

"உங்க பேரும் போடட்டுமாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான்தான் கேட்டுகினு கீறேனே. எனக்கு இன்னாத்துக்கு?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. லைனில் எல்லாருக்கும் அவள் அக்கா. கம்பெனி வருகைப் புத்தகத்தில் "கன்னியப்பன் பொஞ்சாதி". கன்னியப்பன் என்பவர் கோவளத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். பெயர் மட்டும் பம்மலில் வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது.

எழுதி முடித்ததும் படித்துக்காட்ட வேண்டும். ஒருமுறை இடம் போதாமல் பச்சையம்மாவை விட்டுவிட்டேன். வேகமாகப் படித்தேன். அக்கா செல்லைத் துணியால் துடைத்தபடி நிமிராமலே சொன்னாள்.

"பச்சையம்மா எங்க போனா?"

ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

ஒரு பல்பொடிக் கம்பெனி வாரந்தோறும் ஞாயிறு மதியம் ரேடியோவில் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்தியது. அந்த வருஷம் அதில் ஒரு போட்டி வைத்தார்கள். ரேடியோவில் வரும் பாட்டுகளில் பிடித்ததை நேயர்கள் வாரம் ஒரு கார்டில் எழுதிப்போட வேண்டும். ஒரு கார்டை ஒருவர் பெயரில்தான் போடலாம். வருஷக் கடைசியில் முதலில் வந்த பாட்டுக்குப் பட்டணத்தில் பெரிய மண்டபத்தில் விருது. விழாவை டிவியில் காட்டுவார்கள். ஒரு வாரமும் விடாமல் எழுதிய நேயர்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து மேடைக்கு அழைப்பார்கள். அவர் கையால்தான் பாடகருக்கு விருது.

அக்கா வருஷம் முழுக்க ஒரே பாட்டைத்தான் எழுதச் சொன்னாள். ஊருக்குத் திரும்பிப்போகிற ஒருவன் பாடுவதாக வரும் பாட்டு. எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவளுக்குப் பிடித்த காரணம் வேறு.

"ரெண்டாவது சரணம். மூணாவது வரிக்கு முன்னாடி கேளு. ஒண்ண முழுங்கறாரு."

எனக்குக் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது என் காதை டிரான்சிஸ்டரோடு வைத்து அழுத்தினாள். இருந்தது. ஒரு சொல்லைத் தொடங்கப் போனவர், தொண்டையில் எதையோ விழுங்கிவிட்டுத் தொடங்குகிறார். கண்மூடித் திறக்கிற நேரம்.

"மூச்சு வாங்கியிருப்பார்க்கா."

"மூச்சு இல்ல. எனுக்குத் தெரியும்." குழாயடிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தபடி சொன்னாள். "என் புள்ள போன மறுநா நான் வேலைக்குப் போனேன். மேஸ்திரி பேரு கூப்ட்டான். 'கீறேன்'னு சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒண்ண முழுங்கினேன். அப்பாலதான் சொன்னேன். அதே சத்தம்."

பிள்ளை இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். என்ன வயது என்று நான் கேட்கவில்லை. அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்கு அவரு வூட்ல எதுனா ஆயிருக்கும். ஆனாலும் வந்து பாடிக்கீறாரு. மேடைக்குக் கூப்ட்டா அத ஒண்ணுதான் கேக்கணும். 'அந்த எடத்துல இன்னா ஆச்சு சார் உங்களுக்கு?'ன்னு."

கார்டில் "அனுப்புநர்" என்று ஓர் இடம் உண்டு. கடிதம் எழுதுகிறவர் அனுப்புநர், யாருக்கு எழுதுகிறோமோ அவர் பெறுநர் என்று தமிழ் டீச்சர் கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லித்தந்திருந்தார். எழுதுகிறவள் நான். அப்பாவின் இனிஷியலோடு என் பெயரைச் சாய்த்து எழுதினேன். முதல் வாரம் எழுதியதும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வந்திருந்தது. பிறகு எல்லா வாரமும் அப்படியே எழுதினேன். பாட்டை எழுதிய பக்கத்தை அக்காவுக்குப் படித்துக்காட்டுவேன். இதைப் படித்துக்காட்டவில்லை. படித்துக்காட்ட வேண்டிய பகுதி அது இல்லை என்று நினைத்ததாக ஞாபகம்.

மார்கழியில் அக்கா பெட்டியிலிருந்து ஒரு நீலப் புடவையை எடுத்து உதறி வெயில் காட்டினாள்.

"மேடைல செருப்பு போட்டுகினு ஏறலாமாமே?"

"கழட்டிட்டுத்தான் ஏறணும்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. நம்ம செருப்பு மேடைக்கெல்லாம் தாங்காது."

அப்போது சொல்லியிருக்கலாம். குலுக்கலில் எத்தனையோ பேர், நமக்கெங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வந்தது. தபால்காரர் வாசலில் நின்று என் பெயரை இனிஷியலோடு கூப்பிட்டார். எங்கள் லைனில் ஒருவரை அப்படி முழுப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா குழாயடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"பல்பொடிக் கம்பெனியா?"

"ஆமாக்கா."

"யாருக்குப் போட்டுக்கீறான்?"

"எனக்கு."

துணியை இன்னொரு முறை பிழிந்தாள். தண்ணீர் வரவில்லை. அது ஏற்கெனவே பிழிந்த துணி.

"எழுதினவளுக்குத்தான வரும்" என்றாள். கொடியில் போட்டு மடிப்பை இழுத்துவிட்டாள். "கேட்டுடு. நான் சொன்னத மறக்காம கேட்டுடு."

அனுமதிச் சீட்டு இரண்டு பேருக்கு இருந்தது. "அக்காவக் கூட்டிகினு போடி" என்று அம்மா சொன்னாள். நான் தமிழ் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்குப் பெருமை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். அக்கா தன் நீலப் புடவையைக் கொடுத்தாள். அம்மா அதைப் பாதியாக மடித்து எனக்குத் தாவணியாகக் கட்டிவிட்டாள்.

மேடையில் பேச வேண்டியதைத் தமிழ் டீச்சர் எழுதித் தந்திருந்தார். நான் கடைசியில் சேர்த்திருந்த அக்காவின் கேள்வியை மின்சார ரயிலில் படித்துப் பார்த்து அடித்துவிட்டார்.

"பெரியவங்ககிட்ட இப்படியா கேப்பாங்க? விழுங்கினீங்களா, துப்பினீங்களான்னு?"

மண்டபத்தில் விளக்குச் சூடு அதிகம். கீழே நிறைய பேர் இருந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எல்லாரும் போட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். நான் கழற்றிவிட்டு ஏறினேன். மைக்கில், "தேனினும் இனிய குரலால் தமிழ் நெஞ்சங்களைக் கொள்ளை கொண்ட" என்று தொடங்குவதைத் தடுமாறாமல் சொன்னேன். கைதட்டினார்கள். கேடயத்தைக் கொடுத்தேன். கனமாக இருந்தது.

பாடகர் ரேடியோவில் கேட்டு நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். கேடயத்தை வாங்கிக்கொண்டு உடனே நகரவில்லை. கைதட்டல் ஓயாமல் இருக்கும்போதே என் பக்கம் குனிந்தார்.

"என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?"

என் முகத்தில் அப்படி என்ன இருந்ததோ. மைக் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றது. கேள்வி எனக்கு மனப்பாடம். ஆனால் அது அக்கா சொன்னபடியே எனக்குள் இருந்தது. 'இன்னா ஆச்சு சார்' என்று. அதை வேறு தமிழில் மாற்ற எனக்கு நேரம் இல்லை.

"ஒன்றும் இல்லை ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இறங்கி வந்தபோது டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமோ பயமோ எதுவும் இல்லை. கை காய்த்துப்போனால் ஊசி குத்தினாலும் தெரியாது என்று அப்பா சொல்வார். அப்படி இருந்தது.

மறுநாள் காலை அக்கா வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்றாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?" என்று தொடங்கியவள், உடனே கையால் என் வாயைப் பொத்தினாள். கையில் தோல் வாடை. "சொல்லாத. டிவில போடுவான்ல? அவரு வாயாலயே கேட்டுக்கிறேன்."

டிவியில் போட இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அக்கா சுத்தியலைக் கீழே வைத்து வைத்து எல்லாரிடமும் சொன்னதாக அப்பா சொன்னார். "ஒரு கேள்வி கேக்கச் சொல்லி அனுப்பிச்சேன். பதிலு டிவில வருது." மேஸ்திரி துலுக்காணம்கூட அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கரண்ட் போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன். பம்மலில் அது பெரிய ஆசை இல்லை.

கரண்ட் போகவில்லை.

எங்கள் லைனின் ஓனர் வீட்டுக் கூடத்தில்தான் டிவி. அவர்கள் அந்த ஊரின் பழைய நிலக்காரர்கள். எப்போதும் ஜன்னல் வழியாகப் பார்க்க விடுவார்கள். அன்றைக்கு எனக்காக எல்லாரையும் உள்ளே உட்காரவைத்தார்கள். அக்கா டிவிக்கு நேர் எதிரே, தரையில் உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள்.

"தோ, வந்துட்டா வந்துட்டா!"

"ஏய், நம்ம பொண்ணுடா! இன்னா கலரா கீறா பாரு!"

"கறுப்பு வெள்ளை டிவில கலர எங்கடா பாத்த, பேமானி?"

"அக்கா, உன் பொடவ மேடை ஏறிடுச்சு, நீ இங்கியே குந்திகினு கீற" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நீலம் சாம்பலாகத் தெரிந்தது.

என் பேச்சு முழுவதும் வந்தது. ஓனர் வீட்டம்மா, "எவ்ளோ சுத்தமா பேசறா" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேடயம் கை மாறியது. கைதட்டல். திரையில் பாடகர் என் பக்கம் குனிந்தார். அவர் வாய் அசைந்தது. என் வாய் அசைந்தது. கைதட்டல் மட்டும்தான் கேட்டது. மண்டபத்துக் கைதட்டலோடு கூடத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதை டிவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அப்பாவின் சைக்கிளுக்கு அப்படித்தான் திருப்புவாள்.

பாடகர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பல்பொடி விளம்பரம் வந்தது.

"இன்னாடி கேட்ட? அவரு இன்னா சொன்னாரு?" என்று மல்லிகா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, உனக்குக் கேட்டிருக்குமே, இன்னா சொன்னாரு?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையை நேராக்கிக்கொண்டாள். பிறகு தொண்டையில் எதையோ விழுங்கினாள். அது எனக்குக் கேட்டது. அவள்தான் எனக்கு அதைக் கேட்கக் கற்றுத்தந்திருந்தாள்.

"கைதட்டிட்டானுங்க. கேக்கல" என்றாள்.

"ஒனக்கே கேக்கலியா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"எனுக்கும் வயசாவுதுல்ல."

அதன்பிறகு பாடகர் என்ன சொன்னார் என்று அக்கா என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

நான் பன்னிரண்டாவது முடித்து, பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் தெருவில் காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற முதல் பெண் நான்தான். அந்த வருஷம் அக்கா அறையைக் காலி செய்துகொண்டு போனாள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மேஜைமேல் என் பெயர் எழுதிய பலகை இருக்கிறது. அந்தப் பாட்டை இப்போதும் எப்போதாவது போடுகிறார்கள். இரண்டாவது சரணம் வரை கேட்பேன். இதை எழுத உட்கார்ந்தபோது அம்மாவிடம் அக்காவின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"கன்னியப்பன் பொஞ்சாதி" என்றாள் அம்மா.

டிவியில் காட்டியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல அஞ்சலட்டையோடு வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. நேயர் விருப்பத்துக்கு.

"எழுதிக்கோ. மொதல்ல உன் பேரு."

எழுதினேன். எத்திராஜ், பச்சையம்மா, மல்லிகா, மேஸ்திரி. ஒன்றும் விடவில்லை. படித்துக்காட்டினேன். தலையாட்டினாள். கார்டைத் திருப்பினேன்.

"அக்கா, அனுப்புநர்னு ஒரு இடம் இருக்கு. அதுல உங்க பேரைப் போடறேன். உங்க பேரு என்ன?"

மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா எப்போதும் விமானத்துக்காகப் பேச்சை நிறுத்தியதில்லை. அன்றைக்கு நிறுத்தினாள். அது முழுவதும் போய், சத்தம் அடங்கும்வரை டிரான்சிஸ்டரின் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரையே போட்டுக்கோ" என்றாள். "அவங்களுக்கு அதான பழக்கம்."

போட்டேன்.